அரிசிப் பையில் ஏரியின் பெயர்

கிழக்குத் தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலு உழவர்கள் சேர்ந்து கடை போடுகிறோம். ரெண்டு மேசை, மேலே ஒரு தார்ப்பாய், பத்துப் பன்னிரண்டு மூட்டை, ஒரு தராசு. அவ்வளவுதான் கடை. என் நிலம் உத்திரமேரூர்ப் பக்கம். பூங்கார், கருப்புக்கவுனி, தூயமல்லி மூணும் கொண்டு வருவேன்.

போன மாசம் ஒரு அம்மா பூங்கார் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, இதைச் சாப்பிட்டா சர்க்கரை குறையுமா?"

வாரத்துக்கு இருபது தடவையாவது இந்தக் கேள்வி வரும். எனக்கும் பதில் மனப்பாடம். "குறையும்மா, நிறையப் பேர் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே ரெண்டு கிலோ அளந்து போட்டேன். பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எங்கள் கடைக்குத் தவறாமல் வருகிறவர், அந்தம்மா போகும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"தம்பி, அவங்க உடம்பைப் பத்திக் கேட்டாங்க. நீ அரிசியைப் பத்திச் சொன்னே. அந்த அரிசி எந்த ஏரித் தண்ணியில விளைஞ்சதுன்னு சொன்னியா?"

"இல்லீங்க ஐயா. அதையெல்லாம் யாரு கேக்கறாங்க?"

"அவங்க கேக்க மாட்டாங்க. நீதான் சொல்லணும். புறநானூத்துல பதினெட்டாம் பாட்டை எடுத்துப் படி. உனக்காகவே பாடி வெச்சிருக்காங்க."

படித்தேன். அதிலிருந்து எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் சிலருக்கு இது கசக்கலாம். எனக்கும் கசந்தது.

அந்தப் பாட்டைப் பாடியவர் குடபுலவியனார். கேட்டவன் தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். சாதாரண மன்னன் இல்லை. சின்ன வயதிலேயே எதிரிகள் கூட்டாக வந்ததை முறியடித்தவன். அவனுக்கு முன்னால் நின்று புலவர் சொல்கிற சேதி இதுதான்: உனக்கு மறுமையில் செல்வம் வேண்டுமா, உலகத்தை வெல்ல வேண்டுமா, பெயர் நிலைக்க வேண்டுமா? மூன்றுக்கும் வழி ஒன்றே. மனித உடம்பு சோற்றால் ஆனது. சோறு என்பது மண்ணும் தண்ணீரும் கூடியது. ஆகவே மண்ணையும் தண்ணீரையும் எவன் சேர்த்து வைக்கிறானோ அவன்தான் உடம்பையும் உயிரையும் உண்டாக்குகிறவன். வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் நிலம் எத்தனை பரப்பு இருந்தாலும் அரசனுக்கு உதவாது. பள்ளமான இடம் பார்த்துத் தண்ணீரைத் தேக்கு.

எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், புலவர் எங்கேயும் நிறுத்தவில்லை. உடம்பிலிருந்து கிளம்பினார், சோற்றுக்கு வந்தார், மண்ணுக்கும் நீருக்கும் வந்தார், நேராக அரசன் வாசலில் போய் நின்றார். இன்றைக்கு நாம் உயிரியல், சூழலியல், அரசியல் என்று மூன்று பாடமாகப் பிரித்துப் படிப்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

இன்று அந்த மூச்சை மூன்று துண்டாக வெட்டி வைத்திருக்கிறோம். உடம்பு ஒரு துறைக்கு, பயிர் ஒரு துறைக்கு, ஏரி ஒரு துறைக்கு. ஒரு துறையின் கோப்பு மற்றத் துறையின் மேசைக்குப் போவதில்லை. துறைகளைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் கடையிலும் அதேதான் நடக்கிறது. "உணவே மருந்து" என்று பலகை எழுதி வைக்கிறோம். "நிலமே உணவு, ஏரியே நிலம்" என்று எழுதிய பலகை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பாட்டின் முதல் பாதியை மட்டும் விற்கிறோம். மறுபாதியை விட்டுவிட்டோம்.

இதைச் சொல்லத் தாம்பரத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. மின்சார ரயிலில் வருகிறவர்கள் தாம்பரத்துக்கு முந்தின நிலையத்தின் பெயரைத் தினமும் கேட்கிறார்கள்: தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு நலவாழ்வு இல்லம் தொடங்கினார். காசத்துக்கு மாத்திரை வராத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் மருந்து. அதற்காகத்தான் நகரத்தை விட்டு இத்தனை தூரம் தள்ளி, மரமும் காற்றும் உள்ள இடம் பார்த்து வந்தார்கள். அதாவது இந்த மண்ணும் காற்றும் ஒரு காலத்தில் மருந்துச் சீட்டில் எழுதப்பட்டவை. இன்று அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. வெளியே அண்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உள்ளே உடம்பிலும் இருக்கிறது என்பது சித்தர் கொள்கை. அந்தக் கொள்கையைப் படிக்கிற கட்டடத்தைச் சுற்றி இருக்கும் அண்டம் இன்று எப்படி இருக்கிறது? ஜி.எஸ்.டி. சாலையில் பத்து நிமிடம் நின்று மூச்சு விட்டுப் பாருங்கள், தெரியும்.

தொல்காப்பியம் நிலத்தைப் பார்த்த விதமும் இதேதான். நிலமும் பொழுதும் முதல். அதில் பிறப்பவை கரு: மரம், விலங்கு, பறை, தொழில், தெய்வம் எல்லாம். அந்தப் பட்டியலில் உணவும் உண்டு. அதற்குப் பிறகுதான் மனிதனின் காதலும் ஊடலும் பிரிவும், அதாவது உரிப்பொருள். நிலத்தைச் சொல்லாமல் மனிதனின் மனசைச் சொல்ல அந்தக் கவிஞர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

சென்னையின் தெற்குப் புறநகர் இந்தத் திணைகளுக்கு ஒரு சின்ன மாதிரி. பல்லாவரம், திரிசூலம், வண்டலூர்க் குன்றுகள் ஒரு பக்கம். நடுவில் ஏரியும் வயலுமாக மருதம். கிழக்கே பள்ளிக்கரணை, அதைத் தாண்டி கோவளத்துக் கடல், நெய்தல். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிகள் வரிசையாக உண்டு. ஒன்று நிறைந்து அடுத்ததுக்கு வழிந்து, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும் தண்ணீர். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலைப் பார்க்கும். ஒவ்வொரு ஏரிக்கும் கீழே ஆயக்கட்டு இருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் இருந்தது. எங்கள் அப்பாவுக்கே தாம்பரத்துக்கு மேற்கே ஒரு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் இருந்தது. 90களில் மனைக்கல் நட்டார்கள். நாங்களும் விற்றோம். ஊரையே விட்டு உத்திரமேரூர்ப் பக்கம் போனோம். ஆகவே யாரையோ குற்றம் சாட்ட எனக்கு உரிமை இல்லை. விற்றவர்களில் நாங்களும் உண்டு.

பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை என்கிறது சிலப்பதிகாரம். முல்லையும் குறிஞ்சியும் முறை கெட்டுத் திரிந்தால் அதுதான் பாலை. பாலைக்கு உரிய உணர்வு பிரிவு. தாம்பரத்தில் மருதமும் நெய்தலும்கூடத் திரிந்ததை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணையில் ஒரு பகுதி குப்பைமேடானது, மிச்சத்தில் பெரும் பகுதி சாலையும் கட்டடமும் ஆனது. 2022இல் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்தபோது பதிவான பரப்பு 1,248 ஹெக்டேர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் ஆள் எடுத்தார்கள். நாலே வருசம் கழித்து, 2019 கோடையில், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதிக நீராலும் சாவு, நீரில்லாமலும் சாவு. நிலம் திரிந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி வேறேயும் இருக்கிறது. திருநீர்மலைக்குப் போயிருப்பீர்கள். திருமங்கையாழ்வார் அந்தப் பெருமாளைப் பார்க்க வந்தபோது மலையைச் சுற்றிலும் தண்ணீர், வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்தார் என்கிறது தலவரலாறு. அதை நாம் பக்திக் கதையாக மட்டும் கேட்டோம். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேர்வதும் திருநீர்மலைப் பக்கம்தான். ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்ததைப் படிக்காமல் பத்திரம் பதிவு செய்தோம்.

"சரிப்பா, பாட்டு பாட்டாத்தானே இருந்திருக்கும், எந்த அரசன் கேட்டான்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்டார்கள் என்பதற்கு என் ஊரிலேயே கல் இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்கும் அடுத்த முறை ஓலையில் பெயர் கிடையாது. அதற்கு எட்டரை நூற்றாண்டு கழித்து, 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களின் கணக்கைத் திரட்டினார். அதில் ஒரு வழக்கம் தெரிகிறது. களத்தில் நெல்லைப் பங்கு போடுவதற்கு முன்னாலேயே ஏரிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிடுவார்கள். ஏரி மேரை என்று பெயர். வைத்தியருக்கும் அதே களத்திலிருந்துதான் பங்கு. உடம்பைப் பார்க்கிறவருக்கும் ஏரியைப் பார்க்கிறவருக்கும் ஒரே நெற்குவியல்! குடபுலவியனார் பாடியது செங்கல்பட்டில் கணக்காகவே எழுதப்பட்டிருந்தது.

இதைச் சொன்னதும் "அந்தக் காலம் பொற்காலம்" என்று கிளம்பிவிடக் கூடாது. உத்திரமேரூர்ச் சபை நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை. சேற்றில் இறங்கி நட்டவருக்கு அதில் ஓலை இல்லை. இதைச் சொல்லவும் நமக்கு இலக்கியமே இருக்கிறது. முக்கூடற்பள்ளு படித்துப் பாருங்கள். நெல் ரகங்களின் பெயர், மாட்டின் பெயர், மீனின் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போகும். நம் விதைத் திருவிழாக்களில் அந்தப் பட்டியலைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அதே பள்ளில், அத்தனை நெல்லையும் அறிந்த பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுமரத்தில் மாட்டித் தண்டிக்கிறான். அந்தக் காட்சியைப் பேசுவதில்லை. விதையைத் தெரிந்தவன் ஒருத்தன், விளைச்சலை எடுத்துக்கொள்பவன் வேறொருத்தன். தண்டனை மட்டும் உழைத்தவன் உடம்புக்கு.

ஆகவே உடம்பு என்று பாட்டு சொல்லும்போது அது யாருடைய உடம்பு? சாப்பிடுகிறவரின் உடம்பு மட்டும்தானா? எங்கள் பெரியப்பா முகத்தில் துணி கூடக் கட்டாமல் பூச்சி மருந்து அடித்தவர். ஒரு நாள் வரப்பிலேயே வாயில் நுரை தள்ளி விழுந்தார். பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு கை நடுக்கம் நிற்கவே இல்லை. நான் இயற்கை வழிக்கு வந்ததற்கு அந்தக் கைதான் காரணம், வாடிக்கையாளரின் சர்க்கரை அளவு இல்லை. ஆனால் கடையில் நிற்கும்போது பெரியப்பாவின் கையை மறந்துவிடுகிறேன். நாற்று நடும் அக்காக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நெல்லை நட்டு, களை பறித்து, நமக்கு இரும்புச் சத்துள்ள அரிசி கொடுக்கிற பெண்களும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள்.

ஒரு எழுத்து இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ரேச்சல் கார்சன் என்ற அம்மையார் 1962இல் 'மௌன வசந்தம்' எழுதினார். வயலில் அடித்த டி.டி.டி. புழுவுக்குள் போய், பறவைக்குள் போய், மனித உடம்பின் கொழுப்பில் தங்குகிறது என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னார். ரசாயனக் கம்பெனிகள் அவரைத் திட்டித் தீர்த்தன. அவருக்கே அப்போது மார்பகப் புற்றுநோய். 1964இல் இறந்தார். 1972இல் அந்த நாடு டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் வயலுக்கு அது கூடாது என்று 1989இல் உத்தரவு வந்தது. ஆய்வுக்கூட அறிக்கைகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் பறவை, உடம்பு, அரசு மூன்றையும் ஒரே கதையாகச் சொன்ன பிறகுதான் சட்டம் அசைந்தது.

நம் பக்கத்திலேயே ஒருத்தர் இருந்தார். பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள். தனித்தமிழ் இயக்கம், இந்தி எதிர்ப்பு என்று அவருடைய அரசியல் நமக்குத் தெரியும். முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியதும் தெரியும். அதே மனிதர்தான் 'பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்' என்று ஒரு நூலும், மக்கள் நூறாண்டு வாழ்வது பற்றி இன்னொரு நூலும் எழுதினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தமிழ்ப் பாட்டும், மக்கள் அரசியலும், வயிற்றுக்குள் போகும் சோறும் அவருக்கு வேறு வேறு வேலையாகப் படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். இயற்கை உழவை வெறும் உடம்பு வியாபாரமாக மாற்றினால் என்ன ஆகும்? நாளைக்கே பெரிய கம்பெனி ஒன்று அழகான டப்பாவில் அதே பூங்காரைப் போட்டு, சர்க்கரை குறையும் என்று எழுதி விற்கும். நம்மை விட அழகாகவே எழுதும். அப்போது நம்மிடம் மிச்சம் என்ன இருக்கும்? டப்பாக் கம்பெனி ஏரிக்காகப் பேசாது. நட்டவருக்குக் கூலி என்ன கொடுத்தோம் என்று அட்டையில் அச்சடிக்காது. அதைச் சொல்லக் கூடியவர்கள் நாம் மட்டும்தான். இன்னொன்று: சர்க்கரை குறையும் என்று வைத்தியர் மாதிரி வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையும் இல்லை. எத்தனை சோறு, என்ன வேலை, என்ன மாத்திரை என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த அளவு. அரிசி தலையில் மட்டும் கட்டுவது அந்த அம்மாவுக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

நான் செய்யத் தொடங்கியிருப்பதைச் சொல்கிறேன். பிடித்தால் நீங்களும் செய்யுங்கள்.

பையில் ரகத்தின் பெயருக்குக் கீழே ஏரியின் பெயரை எழுதுகிறேன். கிணற்றுப் பாசனம் என்றால் அந்தக் கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கும் ஏரியின் பெயர். அதற்குக் கீழே, எந்தப் பட்டம், எத்தனை பேர் நட்டார்கள் என்று ஒரு வரி. செலவு ஒன்றும் இல்லை, ஒரு ரப்பர் முத்திரை போதும்.

கிராமசபை நடக்கும் நாட்களில் ஏரி வரத்துக்கால்வாய், மதகு, ஆக்கிரமிப்பு பற்றி ஒரு தீர்மானமாவது எழுதிக் கொடுக்கிறோம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்கும் சபை உண்டு. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. அங்கே இருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. சேலையூர் ஏரியைப் பற்றியோ சிட்லபாக்கம் ஏரியைப் பற்றியோ அவர்கள் அங்கே பேசட்டும். சிட்லபாக்கத்துக் குடியிருப்பவர்கள் தங்கள் ஏரிக்காக வருடக்கணக்கில் குரல் கொடுத்ததை நாம் பார்த்தோமே. நகரத்தில் இருக்கிறவருக்கு ஏரி வேண்டாம் என்று யார் சொன்னது?

வருசத்துக்கு ஒரு தடவை, அறுவடை சமயத்தில், வாங்குகிறவர்களைக் களத்துக்குக் கூப்பிடுகிறோம். விருந்து வைப்பதற்காக அல்ல. ஏரிக்கரையில் நடந்து, மதகைப் பார்த்து, நட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு. அன்றைக்குக் களத்தில் பிரிப்பதற்கு முன்னால் ஒரு மரக்கால் நெல்லை ஏரிக்கென்று எடுத்து வைக்கிறோம். அதை விற்ற காசு வரத்துக்கால்வாயில் முள் வெட்டும் கூலிக்கு. பழைய ஏரி மேரையின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதுதான், ஆனால் நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா திரும்ப வந்தார். சர்க்கரையைப் பற்றிக் கேட்டார். "மருந்தை நிறுத்தாதீங்கம்மா, டாக்டரைக் கேட்டுக்கோங்க. இது நல்ல அரிசி, அளவாச் சாப்பிடுங்க" என்றேன். பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முத்திரையில் 'உத்திரமேரூர் ஏரிப் பாசனம்' என்று இருந்ததை எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தார்.

"இந்த ஏரியில இப்ப தண்ணி இருக்காண்ணே?"

இத்தனை வருசத்தில் எங்கள் கடையில் யாரும் கேட்காத கேள்வி. "முக்கால் இருக்கும்மா. மதகு ஒண்ணு ஒழுகுது, அதைச் சரி பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றேன்.

கீரைக் கட்டோடு பக்கத்தில் நின்றிருந்த ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கிலோ தூயமல்லி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.